உலகமயமாதல் எப்போது தொடங்கியது?

பத்தாம் வகுப்பு அலகுத் தேர்வில் இக்கேள்வியைக் கேட்டிருந்தேன். நான் எதிர்பார்த்த விடை 1991. ஒரு மாணவி மட்டும் ‘எங்கள் பாட்டியின் தாத்தா காலத்திலேயே’ என்று எழுதியிருந்தாள். தவறு எனக் குறித்துவிட்டேன்.

மறுநாள் காரணம் கேட்டேன். சைதாப்பேட்டையில் தறி நெய்த குடும்பம் அவளுடையது. ‘மெட்ராஸ் கைக்குட்டை’ எனப்பட்ட கட்டம்போட்ட துணி கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா சென்றது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதைச் சடங்குகளில் உடுத்தினர்.

அரசின் கட்டுப்பாடுகள் தளர்ந்து சந்தைகள் இணைவதே உலகமயமாதல் என்றால் 1991 சரி. பொருளும் பண்பாடும் எல்லை கடந்து பிணைவது என்றால் அவள் விடையும் சரி. நாடுகள் பொது விதிகளுக்கு உட்படுவது என்றால், உலக வணிக அமைப்பு உருவான 1995ஐயும் சொல்லலாம். வரையறை மாறினால் ஆண்டும் மாறுகிறது. மதிப்பெண்ணைத் திருத்தினேன்.

ஆதாயம் யாருக்கு என்பதையும் விவாதித்தோம். திருப்பெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. வேலை வந்ததும் போனதும் ஒரே பாடத்தில் அடங்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு செயல்பாடு: வீட்டிலுள்ள மூன்று பொருள்கள் எங்கிருந்து வந்தன என மாணவர்கள் எழுதிவரட்டும். பொருளாதாரம், பண்பாடு, அரசியல் என வகைப்படுத்தட்டும். வரையறையை அதன்பின் கரும்பலகையில் எழுதுவோம்.