கல்யாணத்துக்கு முன்னால் ஏழு நாள் டயட் வேண்டாம், தங்கச்சி

கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போன கையோடு டயட் பேச்சும் வந்துவிடுகிறது. "ஏழே நாளில் ஏழு கிலோ", "மூணு நாள் ஜூஸ் மட்டும் குடி, உடம்பில் இருக்கிற கழிவெல்லாம் வெளியே போயிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒருத்தி அனுப்புவாள். "நான் செஞ்சேன்டீ, நாலு கிலோ குறைஞ்சுது" என்று இன்னொருத்தி சாட்சி சொல்வாள். என் சித்தி, பெரியம்மா பெண்களில் தொடங்கி, ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருக்கிற பெண் வரைக்கும், முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது என்னிடம் கேட்பது இதைத்தான்: "அக்கா, சும்மா ஒரு வாரம்தானே, செஞ்சு பார்க்கட்டுமா?"

வேண்டாம் கண்ணு. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். அந்த மூன்று வாரத்தில் உருப்படியாக என்ன செய்யலாம் என்பதையும் சொல்கிறேன்.

ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். வீட்டு வேலை, ஆபீஸ், பஸ் பயணம் என்று இருக்கிற ஒரு பெண்ணின் உடம்பு நாளொன்றுக்குச் செலவழிப்பது சுமார் 1,800 முதல் 2,000 கலோரி. ஏழு நாளும் பச்சைத் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு கிடந்தாலும் 14,000 கலோரியைத் தாண்டாது. இரண்டு கிலோ கொழுப்பு கரையக்கூட அது போதாது. அப்புறம் எப்படி எடை மெஷினில் நாலு, அஞ்சு கிலோ இறங்குகிறது?

இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். நாம் சாப்பிடுகிற சோறு, இட்லி, சப்பாத்தியில் இருக்கும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை, கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. மொத்தம் அரை கிலோ அளவுக்கு இருக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சாப்பாட்டைத் திடீரென்று வெட்டினால் இரண்டு மூன்று நாளிலேயே இந்தச் சேமிப்பில் பெரும்பகுதி தீர்ந்து, கூடவே தண்ணீரும் சிறுநீராகப் போய்விடும். உப்பு குறைந்ததால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் போகும். குடல் காலியாக இருப்பதாலும் கொஞ்சம் எடை குறையும். மறுபடி ஒழுங்காகச் சோறு சாப்பிட ஆரம்பித்தால், சில நாளிலேயே அத்தனையும் திரும்பி வந்து நிற்கும். "எனக்கு வாய்க்கட்டு இல்லை, அதான் ஏறிடுச்சு" என்று எத்தனை பெண்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள்! அவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. போன தண்ணீர் வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மாதவிலக்குக்கு முந்தின சில நாட்களிலும் இப்படி நீர் கோத்து ஒரு கிலோ வரை ஏறி இறங்குவது சகஜம். அந்த நாட்களில் மெஷின் பக்கமே போகாதே.

நம் ஊரில் இந்த வகையில் ரொம்பப் பிரபலமானது ஜி.எம். டயட். முதல் நாள் பழம் மட்டும், இரண்டாம் நாள் காய்கறி மட்டும், மூன்றாம் நாள் இரண்டும், நான்காம் நாள் வாழைப்பழமும் பாலும் என்று போகும். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தன் ஊழியர்களுக்காக உருவாக்கியது என்று சொல்லித்தான் எல்லோரும் அனுப்புகிறார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை புரதம். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் வீதம் தினமும் புரதம் வேண்டும் என்கிறது ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 55 கிலோ பெண்ணுக்கு சுமார் 46 கிராம். பழமும் காயும் மட்டும் சாப்பிடுகிற முதல் மூன்று நாளில் அதில் பாதிகூடத் தேறாது. புரதமும் இல்லை, கலோரியும் இல்லை என்றால் உடம்பு தசையில் கை வைக்கும். திரும்ப எடை ஏறும்போது அந்தத் தசை தானாக வந்துவிடாது, உடற்பயிற்சி செய்துதான் மீட்க வேண்டும்.

ஜாக்கெட் அளவும் ஆடி மாதத்துத் தலைமுடியும்

இதைக் கல்யாணப் பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். என் சித்தி மகள் ஒருத்தி ஏழு நாள் டயட் முடித்த சூட்டோடு முகூர்த்த ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்தாள். கையில் ஆரி வேலை, முதுகில் முடிச்சுக் கயிறு, நல்ல செலவு. அதற்கப்புறம் விருந்துக்கு மேல் விருந்து, நலங்கு, பலகாரம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ராத்திரி போட்டுப் பார்த்தால் கொக்கி எட்டவில்லை, இரண்டு விரல் இடைவெளி. மண்டப ரூமில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பெரியம்மா உட்கார்ந்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். உள்ளே விட்டிருந்த துணி அரை அங்குலம்தான். அக்குள் பக்கம் ஆரி வேலை ஓரம் வரை வந்துவிட்டதால் அங்கே பிரிக்கவும் வழியில்லை. அந்தப் பெண் கட்டில் ஓரத்தில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

அதனால், வழக்கமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நாளில் அளவு கொடு. இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல். ஆரி வேலையைப் பக்கத் தையலில் இருந்து தள்ளிப் போடச் சொல். முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னால் மறுபடி போட்டுப் பார்.

தலைமுடி விஷயம் இன்னும் மோசம், ஏனென்றால் அது உடனே தெரியாது. உடம்பைத் திடீரென்று பட்டினி போட்டால், வளர்ந்துகொண்டிருந்த முடியில் ஒரு பகுதி ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக உதிரும். வைகாசியில் கல்யாணத்துக்காகப் பட்டினி கிடந்தவளுக்கு ஆடியிலோ ஆவணியிலோ சீப்பு நிறைய முடி வரும். "மாமியார் வீட்டுத் தண்ணி ஒத்துக்கலை" என்று தண்ணீர் மேல் பழி போடுவார்கள். இந்த முடி பெரும்பாலும் திரும்ப வளரும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும்.

'கழிவு நீக்கும்' ஜூஸும் பேதி டீயும்

1940-களில் அமெரிக்காவில் ஸ்டான்லி பரோஸ் என்பவர் எலுமிச்சைச் சாறு, மேப்பிள் சிரப், மிளகாய்த்தூள் கலந்து குடிக்கும் ஒரு முறையைக் கிளப்பிவிட்டார். இன்றைக்கு டீடாக்ஸ் என்ற பெயரில் விற்கிறதில் பாதி அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். விற்கிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேள்: "எந்த நச்சு வெளியே போகும்? பேர் சொல்லுங்க. குடிக்கிறதுக்கு முன்னாலும் பின்னாலும் எந்த டெஸ்ட்டில் அது தெரியும்?" எனக்குத் தெரிந்து யாரும் பதில் சொன்னதில்லை. உன் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் வடிகட்டுகின்றன. கல்லீரல் ராத்திரி பகலாக வேலை செய்கிறது. அவற்றுக்கு வேண்டியது தண்ணீர், உணவு, தூக்கம்.

பயனில்லை என்றால்கூடப் பரவாயில்லை, சில ஜூஸ்கள் ஆளையே சாய்த்துவிடும். சுரைக்காய் ஜூஸ் குடிக்கிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். சில சுரைக்காய்களில் குக்குர்பிட்டாசின் என்ற கசப்பு நஞ்சு இருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. இந்தியாவில் இதைக் குடித்து உயிர் போனவர்கள் உண்டு. ஐ.சி.எம்.ஆர். நிபுணர் குழுவே அமைத்து ஆராய்ந்து எச்சரித்திருக்கிறது. அரைக்கும் முன்னால் ஒரு சின்னத் துண்டை வெட்டி வாயில் போட்டுப் பார். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் குப்பையில் போடு, கூட்டுக்கும் எடுக்காதே. தேனோ எலுமிச்சையோ வேறு ஜூஸோ கலக்காதே, கசப்பு மறைந்துவிடும். குடித்த பிறகு வாந்தி, வயிற்று வலி, பேதி, தலைசுற்றல் வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு.

பாலக்கீரையைப் பச்சையாக அரைத்துத் தினமும் டம்ளர் டம்ளராகக் குடிப்பதும் நல்லதில்லை. அதில் ஆக்ஸலேட் அதிகம். இப்படிப்பட்ட பச்சை ஜூஸ் விரதத்தால் சிறுநீரகம் பழுதானதாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ஏற்கெனவே கல் பிரச்னை உள்ளவர்கள் கிட்டவே போகக் கூடாது. கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்து, பருப்போடு கடைந்து சாப்பிடு.

அடுத்தது, அழகான டப்பாவில் 'ஸ்லிம்மிங் டீ' என்று விற்கிறார்களே, அது. பின்பக்கம் பொடி எழுத்தைப் படித்தால் பல டப்பாக்களில் 'சென்னா' என்று இருக்கும். நம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் விளைகிற நிலவாகைதான் அது. 'டின்னவெல்லி சென்னா' என்றே உலகம் முழுக்க அதற்குப் பெயர். மலச்சிக்கலுக்கு மருத்துவர் சொல்லி நாலு நாள் எடுத்தால் நல்ல மருந்து. எடை குறைக்க அது உதவாது. சாப்பாட்டின் சத்தை உடம்பு உறிஞ்சுவது சிறுகுடலில். இந்த இலை வேலை செய்வது பெருங்குடலில். உன் உடம்பை விட்டுப் போவது தண்ணீரும் பொட்டாசியம் மாதிரி உப்புகளும்தான். பொட்டாசியம் ரொம்பக் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். பேதி கடுமையாக இருந்தால் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகவும் வாய்ப்பு உண்டு.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர்கள், பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், முன்பு சாப்பாட்டை வெறுத்து ஒதுக்கும் மனநோயில் அவதிப்பட்டவர்கள், இவர்கள் யாரும் டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட இந்த வேலையில் இறங்கக் கூடாது.

குறுகிய காலக் கடுமையான டயட் எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனில் டைரெக்ட் என்ற ஆய்வில், டைப் 2 சர்க்கரை நோயாளிகளை மூன்று முதல் ஐந்து மாதம் வரை தினம் 850 கலோரி அளவுக்கு ஃபார்முலா உணவில் வைத்தார்கள். ஒரு வருட முடிவில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு மாத்திரை இல்லாமலேயே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. 2017-ல் முடிவு வெளியானது. ஆனால் அங்கே மாத்திரைகளை முறையாக நிறுத்தி, விடாமல் கண்காணித்து, பிறகு சாதாரணச் சாப்பாட்டைப் படிப்படியாகத் திரும்பக் கொடுத்து, அதன் பின்னும் மாதாமாதம் பார்த்துக்கொண்டார்கள். வாட்ஸ்அப் டயட்டில் எட்டாம் நாள் என்ன சாப்பிட வேண்டும் என்று ஒரு வரிகூட இருக்காது.

சரி, மூன்று வாரத்தில் என்ன செய்யலாம்?

முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபினும் தைராய்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். முகம் வெளுத்து, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிற பெண்ணுக்கு வேண்டியது இரும்புச்சத்து. அவளை ஜூஸில் போடுவது கொடுமை. கல்யாணமானதும் குழந்தை பெற்றுக்கொள்ள எண்ணம் இருந்தால் தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் பற்றியும் அப்போதே டாக்டரிடம் கேட்டுவிடு. கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்க வேண்டியது அது.

அடுத்து சர்க்கரை. நாளைக்கு நாலு காபி, டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் 40 கிராம், 160 கலோரி. ஒரு வாரம் ஒரு ஸ்பூனாக்கு, அடுத்த வாரம் அரை ஸ்பூன். கூல்டிரிங்ஸும் பாட்டில் ஜூஸும் அடியோடு வேண்டாம். சாயங்காலம் பஜ்ஜி, மிக்சர் இருந்த இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டல், அல்லது வேர்க்கடலை வேகவைத்தது ஒரு கைப்பிடி.

சோற்றை நிறுத்தாதே. தட்டில் முதலில் பொரியலும் கூட்டும் வை, பாதித் தட்டு நிரம்பட்டும். அப்புறம் பருப்போ முட்டையோ மீனோ. கடைசியில் சோறு, இப்போது சாப்பிடுவதில் ஒரு கரண்டி குறைத்தால் போதும். ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துவிட்டு இருபது நிமிஷம் மொட்டை மாடியில் நட. அப்பளம், ஊறுகாய், கருவாட்டைக் குறைத்தால் முகத்து வீக்கம் தானாக இறங்கும். இந்த மூன்று வாரத்தில் ஒன்றரை கிலோ குறைந்தால் அது நல்ல அளவு. அதில் பெரும்பகுதி கொழுப்பாக இருக்கும், தண்ணீர் மாதிரி சில நாளிலேயே திரும்பி வராது. ராத்திரி ஒரு மணி வரை போனில் மாப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருப்பதைக் கொஞ்சம் குறை. கண்ணுக்குக் கீழ் கருவளையத்துக்கு ஏழு மணி நேரத் தூக்கத்தைவிட நல்ல ஃபேஸ்பேக்கை நான் பார்த்ததில்லை.

முகூர்த்தத்தன்று காலையில் வெறும் வயிற்றோடு மேடை ஏறாதே. விரதம் இருப்பது உங்கள் வீட்டு வழக்கம் என்றால், பாலும் பழமும் எடுக்கலாமா என்று பெரியவர்களிடம் முன்கூட்டியே கேட்டு வை. அந்த வழக்கம் இல்லாதவர்கள், நாலு மணிக்கு மேக்கப்புக்கு உட்காருவதற்கு முன்னால் இரண்டு இட்லியும் ஒரு டம்ளர் பாலும் சாப்பிட்டுவிடுங்கள். லிப்ஸ்டிக் போட்ட பிறகு யாரும் சாப்பிட விடமாட்டார்கள். ஓமப் புகையும் வீடியோ லைட்டும் பட்டுப்புடவைக் கனமும் சேர்ந்தால் நல்ல உடம்புக்கே தலை சுற்றும். பக்கத்தில் நிற்கிற அக்காவிடமோ நாத்தனாரிடமோ ஒரு பாட்டில் மோரும் ஸ்ட்ராவும் கொடுத்து வை. புடவை மாற்றப் போகும்போதெல்லாம் இரண்டு வாய் குடி.