பற்று நோட்டும் ஒரு புத்தகமும்

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். 11 புத்தகங்கள். அப்பா கொடுத்த 3000 ரூபாய்க்குள் இவற்றில் எதையெல்லாம் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். ஒன்றை மட்டும் வாங்கு என்றுதான் சொல்வேன். போனில் சொல்லியிருந்தால் உடனே "ஏன் அத்தை?" என்று கேட்டிருப்பாய். அந்த ஏனுக்குப் பதில் கொஞ்சம் நீளம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2003-இல் சென்னையில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. கையில் இருந்த பணத்துக்கு இரண்டு புத்தகங்கள் வாங்கினேன். ஒன்று, ஏ.எஸ்.பி. என்ற மைக்ரோசாஃப்ட் தொழில்நுட்பத்தில் வலைத்தளம் செய்யக் கற்றுத்தரும் தடிப் புத்தகம். இன்னொன்று, சி. ஜே. டேட் எழுதிய டேட்டாபேஸ் பாடநூல். முதலாவதை ஒரே மாதத்தில் முடித்தேன். பக்கத்துக்குப் பக்கம் படம், அத்தியாயம் முடியும்போது திரையில் ஏதாவது ஒன்று ஓடும். மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. டேட்டின் புத்தகம் 40 பக்கத்தைத் தாண்டவில்லை. தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது.

வேலையில் சேர்ந்து சில வாரத்தில், வாடிக்கையாளர் பெயரையும் முகவரியையும் பதியும் ஒரு படிவம் செய்தேன். புத்தகத்தில் இருந்த மாதிரியே செய்தேன். நன்றாக ஓடியது. ஒருநாள் தூத்துக்குடியிலிருந்து ஒருவர் பெயர் மட்டும் பதியவே மாட்டேன் என்றது. டிசூசா என்று பெயர். ஆங்கிலத்தில் அவர் 'டி' எழுத்துக்குப் பிறகு ஒரு ஒற்றை மேற்கோள்குறி போட்டு எழுதுவார். அந்தக் குறியை விட்டுவிட்டுப் பதியச் சொன்னேன். பதிந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

சில மாதம் கழித்து, எங்கள் குழுவில் இருந்த மூத்தவர் ஒருவர் என் நிரலைப் படித்துவிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினார். படிவத்தில் எழுதிய பெயரை நான் அப்படியே எடுத்து, டேட்டாபேஸுக்குப் போகும் கட்டளை வாக்கியத்துக்குள் இரண்டு மேற்கோள்குறிகளுக்கு நடுவே ஒட்டியிருந்தேன். பெயருக்குள்ளேயே ஒரு மேற்கோள்குறி வந்ததும், பெயர் அங்கேயே முடிந்துவிட்டதாக டேட்டாபேஸ் எடுத்துக்கொண்டது. மிச்சம் இருந்த எழுத்துகளைக் கட்டளை என்று படித்தது, புரியாமல் நின்றது. புரிகிற மாதிரி ஒரு கட்டளையை அந்த இடத்தில் ஒருவர் எழுதியிருந்தால்? டேபிளையே அழிக்கச் சொல்லியிருந்தால் அழித்திருக்கும். ஒரு மனிதரின் பெயரைக் கடவுச்சொல் இல்லாத வாசலாக மாற்றி வைத்திருந்தேன். அன்று இரவு அந்தத் தடிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் அத்தியாயத்திலிருந்து கடைசிவரை எல்லா உதாரணமும் அப்படித்தான் ஒட்டி ஒட்டி எழுதப்பட்டிருந்தது.

இதற்கு எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன் என்று பெயர் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். வலைப் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பு வெளியிடும் முதல் பத்து ஆபத்துகளின் பட்டியலில், 2010, 2013, 2017 மூன்று முறையும் இந்த வகைத் தாக்குதல்தான் முதலிடத்தில் இருந்தது. 2021-இல் மூன்றாம் இடம். தடுக்கும் வழி பெரிய வித்தையில்லை. கட்டளையைத் தனியாகவும் பயனர் எழுதியதைத் தனியாகவும் டேட்டாபேஸிடம் கொடுத்துவிட்டால் போதும். இரண்டும் கலக்க வழியே இருக்காது. அப்படி இருந்தும் இத்தனை வருஷம் இந்த ஓட்டை அடைபடாமல் கிடந்ததற்கு, என்னைப் போலத் தவறான உதாரணத்தைப் பார்த்துக் கைப்பழக்கம் ஆக்கிக்கொண்டவர்களும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். அதனால்தான் உன் பட்டியலை இவ்வளவு கவனமாகப் பார்த்தேன்.

புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முன்னுரையையோ முதல் அத்தியாயத்தையோ படிக்காதே. முதல் அத்தியாயம் எல்லாப் புத்தகத்திலும் நன்றாகத்தான் இருக்கும். படிவத்தில் வந்த பெயரை டேபிளில் சேர்க்கும் பக்கம் எங்கே என்று தேடு. அங்கே ஒட்டு வேலை நடந்தால் மூடி வைத்துவிடு. உன் பட்டியலில் பி.எச்.பி.யும் மைஎஸ்க்யூஎல்லும் கற்றுத்தரும் பழைய பதிப்புகள் மூன்று இருக்கின்றன. அவற்றில் மைஎஸ்க்யூஎல் என்ற பெயருக்குப் பின்னால் நேராக ஓர் அடிக்கோடு போட்டுத் தொடங்கும் கட்டளைகள் வந்தால், அது 2015 டிசம்பருக்கு முந்தைய உலகம். அந்த மாதம் வந்த பி.எச்.பி. 7-இல் அந்தக் கட்டளைகளை அடியோடு எடுத்துவிட்டார்கள். தட்டச்சு செய்து பார்த்தால் ஓடவே ஓடாது. தப்பு உன்னுடையது என்று நினைத்து இரண்டு நாள் அழுவாய். கடவுச்சொல்லை எம்.டி.5 போட்டுச் சேமிக்கச் சொல்லும் புத்தகமும் வேண்டாம். கடவுச்சொல்லுக்கென்றே தனிக் கட்டளை 2013-இல் பி.எச்.பி. 5.5-லேயே வந்துவிட்டது. பக்க வடிவமைப்புப் புத்தகமா, கடைசிப் பக்கச் சொல்லடைவில் கிரிட் இருக்கிறதா என்று பார். பெரிய பிரவுசர்களில் அது 2017-இல்தான் வந்தது. ஜாவாஸ்கிரிப்ட் புத்தகமா, உதாரணங்களில் லெட், கான்ஸ்ட் இரண்டும் புழங்குகின்றனவா என்று பார். அவை 2015-இல் வந்தவை.

இதைப் படித்துவிட்டு, பழைய புத்தகம் எல்லாமே ஆகாது என்று நினைத்துவிடாதே. நான் வாங்கிய அந்த ஏ.எஸ்.பி. புத்தகம் என்றைக்கோ பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது. டேட்டின் புத்தகம் இப்போதும் என் மேஜையில் இருக்கிறது. அந்த மேற்கோள்குறிக்குப் பிறகுதான் அதன் 41-ஆவது பக்கத்தைத் திறந்தேன். அதன் முதல் பதிப்பு 1975-இல் வந்தது.

டேட்டாபேஸ் விஷயம் அப்படி. 1970-இல், கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் ஒரு கட்டுரை எழுதினார். தகவல் வட்டில் எந்த மூலையில், எந்த வரிசையில் கிடக்கிறது என்பதைப் பயன்படுத்துகிறவர் தெரிந்துவைத்திருக்கத் தேவையில்லை, எல்லாவற்றையும் உறவுகளாக, அதாவது டேபிள்களாகப் பார்த்தால் போதும் என்பது அதன் சாரம். நான்கு வருஷம் கழித்து, அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அதற்கு ஒரு கேள்விமொழி அமைத்தார்கள். நீ இன்று எழுதும் எஸ்.க்யூ.எல். அதன் பிள்ளைதான். அமெரிக்கத் தர நிறுவனம் 1986-இல் அதைத் தரமாக ஏற்றது. அதற்குப் பிறகு எத்தனையோ மொழிகள் வந்து போய்விட்டன. இது நிற்கிறது.

ஆகவே மெதுவாகப் பழசாகும் புத்தகத்துக்குப் பணம் கொடு. வேகமாகப் பழசாவதை இரவல் வாங்கிப் படி. உன் பட்டியலில் நான் வாங்கச் சொல்வது, ஏழாவதாக எழுதியிருக்கிறாயே, சில்பர்ஷாட்ஸ், கோர்த், சுதர்சன் மூவரும் எழுதிய 'டேட்டாபேஸ் சிஸ்டம் கான்செப்ட்ஸ்'. 2019-இல் வந்த ஏழாம் பதிப்பாகப் பார்த்து வாங்கு. மூன்றாமவர் எஸ். சுதர்சன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர், மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர். 1300 பக்கத்துக்கு மேல் இருக்கும், பயப்படாதே. இரண்டு முதல் நான்கு வரை, பிறகு ஆறு, ஏழு, அதன்பின் இன்டெக்ஸ் பற்றிய 14, பரிவர்த்தனை பற்றிய 17. இப்போதைக்கு இவ்வளவுதான். பயிற்சிக் கணக்குகளுக்கான விடைகளை ஆசிரியர்களே இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறார்கள். ஆனால் காகிதத்தில் நீயாகப் போட்டுப் பார்க்கும்வரை அந்தப் பக்கம் போகாதே.

அந்தப் புத்தகத்தில் உதாரணம் ஒரு பல்கலைக்கழகம். ஆசிரியர், துறை, பாடம், மாணவர் என்று டேபிள்கள் வரும். உனக்கு அதைவிட நல்ல உதாரணம் வீட்டிலேயே இருக்கிறது. கடைப் பற்று நோட்டு. மேலூரில் அப்பா கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் அந்த நீள நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு ஏழாம் அத்தியாயத்தைப் படி. ஒரே வீட்டில் அப்பா பெயரில் கணக்கு, வாங்கிப் போவது மகன், பணம் கொடுப்பது அம்மா. இதில் வாடிக்கையாளர் யார்? இரண்டு போன் நம்பரை ஒரே கட்டத்தில் காற்புள்ளி போட்டு எழுதினால், ஒரு நம்பரை வைத்து ஆளைத் தேடுவது எப்படி? துவரம்பருப்பு விலை பொருள் டேபிளில் மட்டும் இருக்கட்டும் என்று வைத்தால், நாளை விலை ஏறும்போது போன மாதப் பற்றுக்கணக்கும் சேர்ந்து ஏறிவிடுமே? விற்ற அன்றைய விலையை விற்பனை வரியிலேயே எழுதி வைக்க வேண்டும். அப்பா நோட்டில் அப்படித்தான் எழுதுகிறார், கவனித்திருக்கிறாயா? நோட்டைப் பார்த்து இதைப் புரிந்துகொண்டால் நார்மலைசேஷன் அத்தியாயம் மனப்பாடப் பகுதியாக இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நல் என்ற வெற்று மதிப்பைப் பற்றி ஒரு டேட்டாபேஸ் புத்தகம் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறது என்று பார்ப்பது என் வழக்கம். இந்த மாதம் பணமே கட்டாதவர்கள் யார் என்று கேட்கிறாய் என்று வைத்துக்கொள். பணம் கட்டியவர்களின் எண்களை எடுத்து, 'நாட் இன்' போட்டு, அவர்களில் இல்லாதவர்களைக் கொடு என்கிறாய். பணம் வந்த வரிகளில் ஒன்றே ஒன்றில் ஆள் எண் எழுதாமல் வெறுமையாக விட்டிருந்தால் போதும், விடையாக ஒரு பெயரும் வராது. பிழைச்செய்தியும் வராது. எல்லோரும் கட்டிவிட்டார்கள் என்று அப்பா சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார். அந்த வெற்றிடத்தில் யார் எண் இருக்கும் என்று தெரியாததால், யாரையும் "இல்லை" என்று அறுதியிட டேட்டாபேஸ் மறுக்கிறது. இதை அரைப் பக்கத்தில் கடந்துபோகிற புத்தகத்தை நான் நம்புவதில்லை.

ஆங்கிலத்தில் நேராக இறங்கத் தயக்கமாக இருந்தால், முதல் இரண்டு வாரத்துக்கு து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்' படி. கணியம் வெளியீடு, மின்னூலாக இலவசம். தமிழில் இப்படிப் படிக்க அந்தக் காலத்தில் என் கைக்கு ஒன்றும் கிடைத்ததில்லை. தமிழில் ஒருமுறை புரிந்த விஷயத்தை ஆங்கிலத்தில் படிக்கும்போது வேகமே வேறு.

வலை நிரலாக்கத்துக்குப் புத்தகம் வாங்காதே. மரைன் ஹேவர்பெக்கின் 'எலொக்வென்ட் ஜாவாஸ்கிரிப்ட்' நான்காம் பதிப்பு 2024-இல் வந்தது, முழுவதையும் அவரே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார். கடினமான நூல்தான். ஒரு வாரத்துக்கு ஓர் அத்தியாயம் போதும். எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். சந்தேகங்களுக்கு மொஸில்லா தொடங்கிய எம்.டி.என். பக்கங்கள். உன் பட்டியலில் இருக்கும் கிராக்ஃபோர்டின் 2008 ஜாவாஸ்கிரிப்ட் புத்தகம் மெல்லியது, அழகாக எழுதப்பட்டது, அந்த மொழி எப்படி வளர்ந்தது என்று தெரிந்துகொள்ள ஒருநாள் படிக்கலாம். இப்போது வேண்டாம். ஃபிரேம்வொர்க் பெயர்களைத் தலைப்பில் தாங்கிய நான்கையும் அடித்துவிடு. பிரவுசர் சர்வரிடம் என்ன கேட்கிறது, சர்வர் என்ன திருப்பித் தருகிறது, குக்கி எதற்கு என்று தெரியாமல் அவற்றில் நுழைந்தால், அந்தப் பதிப்பு மாறியதும் உனக்குத் தெரிந்ததெல்லாம் மாறிவிடும்.

சனிக்கிழமை மதுரைக்குப் பஸ் ஏறி, நத்தம் சாலையில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போ. கணினி அலமாரி முன்னால் நின்று, நான் சொன்ன பக்கங்களை மட்டும் ஐந்தாறு புத்தகங்களில் புரட்டிப் பார். நல்ல புத்தகத்துக்கும் மற்றதுக்கும் உள்ள வித்தியாசம் என் கடிதத்தைவிட அங்கே சீக்கிரம் பிடிபடும்.

மார்ட்டின் கிளெப்மேனின் 'டிசைனிங் டேட்டா-இன்டென்சிவ் அப்ளிகேஷன்ஸ்' உன் பட்டியலில் கடைசியாக இருக்கிறது. 2017-இல் முதல் பதிப்பு வந்தது. நான் மூன்று முறை படித்தேன். ஒரு கணினியில் இருக்கும் தகவலைப் பல கணினிகளில் பரப்பினால் என்னென்ன குழப்பம் வரும், யார் சொல்வதை நம்புவது என்பதையெல்லாம் அவரைப் போல விளக்கியவர்கள் குறைவு. அதை நீ வாங்க வேண்டாம். பற்று நோட்டை எத்தனை டேபிளாகப் பிரித்தாய், எதை எதோடு இணைத்தாய் என்று காகிதத்தில் வரைந்து படம் எடுத்து அனுப்பு. தப்பு இருந்தால் இருக்கட்டும், அடித்துத் திருத்தியதையும் அப்படியே அனுப்பு. அது வந்த வாரம் கிளெப்மேன் உன் வீட்டுக்கு வந்து சேரும்.

அப்பாவை முட்டிவலிக்கு டாக்டரிடம் போகச் சொன்னேன் என்று சொல்.

அன்புடன்,
உன் அத்தை