500-ஐத் தாண்டாதீர்கள்: பங்குனி மாதக் கரண்ட் பில் எச்சரிக்கை

பங்குனி பிறந்துவிட்டது. ஆறாவது மைல் நீர்த்தேக்கம் இறங்க இறங்க, ராஜபாளையத்தில் போர் மோட்டார் ஓடும் நேரம் ஏறும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இரவு பத்து மணிக்கும் தளத்தின் சூடு தணியாது. பள்ளி விடுமுறை விட்டதும் பிள்ளைகள் பகல் முழுக்க வீட்டில். அப்புறம் ரீடிங் எடுத்த மறுநாள், எங்கள் மின்வாரியப் பிரிவு அலுவலக வாசலில், ரீடிங் குறிக்கும் வெள்ளை அட்டையோடு கூட்டம். போன கோடையில் அந்தக் கூட்டத்துக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. இந்தத் தடவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

சொல்ல வேண்டியது ஒன்றுதான். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டாதீர்கள்.

வீட்டு இணைப்புக்கு 2024 ஜூலையில் ஏறிய கட்டணம்தான் இப்போதும். 2025 ஜூலை உயர்வை வீடுகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டது. முதல் 100 யூனிட் எல்லாருக்கும் இலவசம். 500-க்குள் நிற்பவருக்கு அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, கடைசி நூறு 6.30. ஆக 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். மீட்டர் 501 காட்டினால்? "அந்த ஒரு யூனிட்டுக்குத்தானே கூட வரும்" என்று நினைக்கிறீர்கள். இல்லை. 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு அந்த 2.35 ரூபாய்ப் படியே கிடையாது. 101-லிருந்தே 4.70 போட்டு வருவார்கள். 501-ஆவது யூனிட்டுக்கு 8.40. மொத்தம் 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்!

போன மே மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். 507 யூனிட், 2,099 ரூபாய். "ஏழு யூனிட்டுக்கு முந்நூறு ரூபாயா சார், இது அடுக்குமா?" என்றார். மீட்டரில் கோளாறு இருக்கும் என்று அவருக்குச் சந்தேகம். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். மீட்டர் சரியாகத்தான் ஓடியது. மாடித் தொட்டிக்குக் கீழே சுவரில் பச்சையாகப் பாசி பிடித்திருந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு சீரியல் பார்க்க உட்கார்ந்துவிடுவாராம். தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டால்தான் எழுந்து போய் அணைப்பது. தினமும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வழிந்திருக்கிறது. 1 குதிரைத்திறன் மோட்டார், 60 நாள்: குறைந்தது 22 யூனிட், குழாயின் ஆழத்தைப் பொறுத்து 25 வரை போகும். 25-ஐக் கழித்தால் 482 யூனிட், பில் 1,692. வழிந்தோடிய தண்ணீருக்கு மட்டும் 407 ரூபாய் கட்டியிருக்கிறார். தண்ணீர்ப் பஞ்சக் காலத்தில்!

எனவே இன்றே செய்ய வேண்டியது: கடைசி ரீடிங் தேதியையும் எண்ணையும் வெள்ளை அட்டையில் பார்த்து, காலண்டரில் எழுதுங்கள். மீட்டர் திரையில் மாறி மாறி வரும் எண்களில் கே.டபிள்யூ.எச். என்று வருவதுதான் உங்கள் எண். ஞாயிறுதோறும் குறித்து வாருங்கள். நாளுக்கு 8 யூனிட், அதுதான் உங்கள் படி. முப்பதாம் நாளில் 250-ஐத் தாண்டியிருந்தால் அப்போதே கையைச் சுருக்குங்கள். ஐம்பத்தெட்டாம் நாள் ராத்திரி ஃபேனை அணைத்துவிட்டு வேர்வையில் புரண்டு பிரயோசனம் இல்லை.

மற்றவை வழக்கமானவைதான். ஏசியை 26-இல் வையுங்கள், கூடவே ஃபேன். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகக் கணக்கு. பழைய ஒன்றரை டன் ஏசி எட்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய எட்டு யூனிட் தின்னும். உங்கள் ஒரு நாள் படி அதோடு சரி. ஃபில்டரைக் கழுவுங்கள். ஃபிரிட்ஜைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள். கதவில் பத்து ரூபாய்த் தாளை வைத்து மூடி இழுங்கள். வழுக்கி வந்தால் ரப்பரை மாற்றுங்கள். சப்பட்டை மாம்பழத்தைக் கூடையோடு உள்ளே திணிக்காதீர்கள். ஹீட்டர் பிளக்கை ஆவணி வரை உருவிவிடுங்கள்.

ஃபேன் விஷயம் மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பழைய ஃபேன் 75 வாட். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 67 யூனிட். கரண்ட் குறைவாகத் தின்னும் புது ரகமான பிஎல்டிசி ஃபேன் 30 வாட், 27 யூனிட். மூன்று ஃபேனை மாற்றினால் 120 யூனிட் குறையும். 600-இல் நிற்கும் வீடு 480-க்கு இறங்கிவிடும். மூன்றும் ஒரே நேரத்தில் முடியாதென்றால் ராத்திரி முழுக்க ஓடும் ஃபேனை முதலில் மாற்றுங்கள். மொட்டைமாடிக்கு இரண்டு கை சுண்ணாம்பும் அடியுங்கள். நம் ஊர்த் தளத்துக்கு அதைவிட மலிவான வைத்தியம் இல்லை.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மாடியில் தனிச் சமையலோடு ஒரு குடும்பத்தை வாடகைக்கு வைத்துக்கொண்டு, இரண்டு வீட்டையும் ஒரே மீட்டரில் ஓட்டுகிறீர்கள். பிறகு யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர்களிடம் வசூல். 500 தாண்டாமல் என்ன செய்யும்? அந்தக் குடும்பத்துக்கு உரிய 100 இலவச யூனிட்டும் போகிறது. தனி இணைப்புக்கு எழுதிக் கொடுங்கள். இன்னொன்று, பால்கோவா வியாபாரத்துக்கான டீப் ஃப்ரீசரை வீட்டு இணைப்பில் போடாதீர்கள். பிடிபட்டால் 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி இரு மடங்கு கட்டணம். அப்போது என்னிடம் சிபாரிசுக்கு வராதீர்கள்.

இவ்வளவு செய்தும் எண் ஓடுகிறதா? வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்து, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் பிளக்குகளை உருவி, மீட்டரில் சிவப்பு விளக்கை ஐந்து நிமிடம் பாருங்கள். மினுங்கினால் எங்கோ கசிவு. போர் மோட்டார் ஒயரில் இருக்கலாம், ஈரச் சுவரிலும் இருக்கலாம். நீங்களே ஸ்க்ரூடிரைவரோடு இறங்காதீர்கள்; எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மீட்டர் மேலேயே சந்தேகம் என்றால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தைக் கூப்பிடுங்கள், எண் 94987 94987. நேரில் வருவதானால் ஞாயிறுதோறும் குறித்த காலண்டர் தாளையும் வெள்ளை அட்டையையும் கையோடு கொண்டுவாருங்கள். வெறுங்கையோடு வந்து "போன தடவை இவ்வளவு வரலையே சார்" என்று நின்றால், திரும்பப் போய் எடுத்துவரத்தான் சொல்வேன்.