புதுப்பித்தபின் தொடங்காத மடிக்கணினி

மடிக்கணினியின் மென்பொருளிலுள்ள குறைகளைக் களைவதற்காக அவ்வப்போது புதுப்பிப்புகள் அனுப்பப்படுகின்றன. சிற்சில சமயங்களில் அப்புதுப்பிப்பே கணினி தொடங்காமைக்குக் காரணமாகிவிடுகிறது. 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் என்னும் நிறுவனம் அனுப்பிய பழுதுற்ற கோப்பினால், உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையுடன் நின்றுவிட்டன. ஒன்றரை மணி நேரத்திற்குள் அக்கோப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆயினும், தொடங்காத கணினி திருத்தத்தைப் பெற இயலாதாகையால், பலவற்றை ஒவ்வொன்றாகக் கையாலேயே சீர்செய்ய நேர்ந்தது. அப்பழுது தொடக்கத்தைத் தடுத்ததேயன்றி, உள்ளிருந்த ஆவணங்களை அழிக்கவில்லை. கள விவரங்களையும் மதிப்பெண்களையும் கணினியில் வைத்திருப்போர் இவ்வேறுபாட்டை நன்கு உணர்தல் வேண்டும். பழுது அழிக்காத ஆவணங்களும் அவசரத்தினால் அழியக்கூடும்.

முதற் சோதனை

திரையில் விழுக்காட்டு எண் தோன்றினால் புதுப்பிப்பு இன்னும் நடைபெறுகிறது என்பது பொருள். அப்போது மின்சாரத்தை நிறுத்தலாகாது. விளக்கும் விசிறியொலியும் இல்லையெனில், சார்ஜரையும் இணைப்புக் கருவிகளையும் அகற்றி, மின்பொத்தானைச் சுமார் 15 விநாடி அழுத்திப் பிடித்தபின், சார்ஜரை மட்டும் இணைத்து மீண்டும் இயக்குக.

மீட்புத் திரை

நிறுவன முத்திரை தோன்றியும் மேற்செல்லாதிருப்பின் பழுது மென்பொருளில் உள்ளதாகக் கருதலாம். தொடர்ந்து இருமுறை தொடக்கம் தவறினால் விண்டோஸ் தானாகவே மீட்புத் திரையைக் காட்டும். அதில் ‘டிரபிள்ஷூட்’, பின்னர் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்பவற்றைத் தெரிந்தெடுத்து, கீழ்க்கண்ட வரிசையில் முயலுக:

1. ‘ஸ்டார்ட்டப் ரிப்பேர்’: தொடக்கக் கோப்புகளைச் சீர்செய்வது.
2. ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’: இறுதிப் புதுப்பிப்பை நீக்குவது.
3. ‘சிஸ்டம் ரிஸ்டோர்’: மென்பொருளை முந்தைய நாளின் நிலைக்குக் கொணர்வது. முன்னரே மீட்புப்புள்ளி பதிவாகியிருந்தால் மட்டுமே இது பயன்படும்.

இம்மூன்றும் சொந்த ஆவணங்களைத் தொடுவதில்லை. இவற்றுக்கு மாறாக, ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்பது அனைத்தையும் துடைத்துவிடும். ஆவணங்களின் பிரதி கைவசம் இல்லாதவரை அதனைத் தொடலாகாது.

மீட்புக் குறியெண்

பிட்லாக்கர் பூட்டுள்ள கணினி இத்தருணத்தில் 48 இலக்கக் குறியெண்ணைக் கேட்கக்கூடும். அஃதின்றித் தேர்ந்த பழுதுபார்ப்பவராலும் உள்ளிருக்கும் ஆவணங்களைப் படிக்க இயலாது. சொந்தக் கணினியாயின் அவ்வெண் பெரும்பாலும் உரியவரின் மைக்ரோசாப்ட் கணக்கிலும், அலுவலகக் கணினியாயின் தொழில்நுட்பப் பிரிவிலும் கிடைக்கும். கணினி நன்கு இயங்கும்போதே அதனைத் தாளில் எழுதி, கணினிப் பையினுள் வையாது வேறிடத்தில் பாதுகாத்தல் நன்று. ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் முன்னர் ஆவணங்களை வேறொரு வட்டிலும் பதிந்து வைப்பின், கணினி நின்றாலும் பணி நில்லாது.