காசு கட்டியும் கவனிப்பில்லையா?

கேள்வி: அம்மாவுக்கு 81 வயது. மாதம் தவறாமல் காசு கட்டி ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் விட்டிருக்கிறோம். போன கிழமை பார்த்தால் முதுகில் படுக்கைப்புண். கேட்டதற்கு, "பிடிக்காட்டிக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்கிறார்கள். சட்டத்தில் இதற்கு வழியுண்டா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: உண்டு, தங்கச்சி. ஆனால் முதலில் அம்மாவை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்ப் புண்ணைக் காட்டுங்கள். அங்கே எழுதப்படும் குறிப்புத்தான் பிறகு உங்களுக்குப் பலமான சாட்சி. படம் எடுத்து வையுங்கள். காசு கட்டிய பற்றுச்சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள். பொலிஸில் முறையிட்டால், சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையையும் கேளுங்கள்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி இத்தகைய இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் முறைப்பாட்டை எழுத்திலே கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். "உங்கள் பதிவைக் காட்டுங்கோ" என்று நீங்களும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உரத்த குரல் சற்றுத் தணியும்.

அதே சட்டத்திலுள்ள பராமரிப்புச் சபைக்குப் போகச் சொல்லிச் சிலர் அலைக்கழிப்பார்கள். அது பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கேட்கும் பெற்றோருக்கானது. மனித உரிமைகள் ஆணைக்குழுவும் கைதடி இல்லம் போன்ற அரச நிறுவனமென்றால்தான் உதவும்.

நட்டஈட்டுக்கு மாவட்ட நீதிமன்றம். கவனயீனத்தால் வந்த தீங்குக்கு 2 வருடத்துக்குள் வழக்கு வைக்க வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லையென்றால் யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள்.