மாடியில் சூரிய மின்சாரம்: காண்டிராக்டரிடம் வேலையை ஒப்படைக்கும் முன்

கிராமத்தில் கான்கிரீட் வீடு கட்டிய விவசாயிக்கு மொட்டை மாடி இன்னொரு களம். மிளகாய், வேர்க்கடலை, விதைநெல் எல்லாம் அங்கேதான் காய்கின்றன. இப்போது அந்த மாடியில் சூரிய மின் தகடுகளும் இடம் பிடித்து வருகின்றன. வீட்டு மாடியில் தகடு அமைப்போருக்கு மத்திய அரசு 2024ஆம் ஆண்டு பிரதமரின் சூரிய வீடு திட்டத்தைக் கொண்டுவந்த பிறகு, ஊர் ஊராகக் காண்டிராக்டர்கள் வந்து விசாரிக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு விவசாயி இப்படி வந்தவரை நம்பி, முக்கால் பங்குக்கு மேல் பணத்தை முன்னதாகவே கொடுத்துவிட்டார். தகடுகள் மாடிக்கு ஏறின. ஆனால் வீட்டு மின் இணைப்பு காலமான தந்தையார் பெயரில் இருந்ததால் இருவழி மீட்டர் வரவில்லை, மானியமும் வரவில்லை. காண்டிராக்டர் மீட்டருக்குக் காத்திராமல் இணைப்பைப் போட்டுவிட்டதால் மின் கட்டணம் குறைவதற்குப் பதில் கூடியது. மழைக்காலம் வந்ததும், தளத்தில் துளையிட்ட இடங்களில் நீர் இறங்கி விதை மூட்டைகள் நனைந்தன. முன்கூட்டி நாலு கேள்வி கேட்டிருந்தால் இத்தனை நஷ்டமும் வந்திராது. அந்தக் கேள்விகளை இங்கே வரிசையாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: நமக்கு இது தேவையா?

கையில் உள்ள மின் கட்டண விவரத்தை எடுத்து, ஓராண்டில் வந்த ஆறு கணக்கெடுப்புகளையும் பாருங்கள். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 150 யூனிட்தான் செலவாகிறது என்றால், நீங்கள் காசு கொடுப்பது 50 யூனிட்டுக்கு மட்டுமே. அதை மிச்சப்படுத்த லட்சக்கணக்கில் முதல் போடுவது உசிதமல்ல. 400 யூனிட்டுக்கு மேல் செலவாகும் வீடுகளுக்குக் கணக்கு வேறு. யூனிட் கூடக்கூட, மேல்படியில் யூனிட் விலையும் கூடுகிறது. அங்கேதான் சூரிய மின்சாரம் கை கொடுக்கும்.

நம் பகுதியில் 1 கிலோவாட் தகடு சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். மழை மாதங்களில் குறையும். இந்தக் கணக்கில் 2 கிலோவாட் அமைத்தால் இரண்டு மாதத்தில் சுமார் 480 யூனிட்டும், 3 கிலோவாட் அமைத்தால் சுமார் 720 யூனிட்டும் கிடைக்கும். பகலில் நம் செலவு போக எஞ்சுவது மின் கம்பிக்குப் போய், இரவில் நாம் எடுப்பதோடு கழிக்கப்படுகிறது. ஆகவே நம் செலவுக்கு ஏற்ற அளவே போதும். "பெரிதாக அமைத்துவிடுங்கள், வாரியத்துக்கு விற்றே சம்பாதிக்கலாம்" என்று யாரேனும் சொன்னால் நம்பி இறங்க வேண்டாம்.

இன்னொன்றும் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். மின்கலம் இல்லாத சாதாரண அமைப்பு, மின்வெட்டின்போது நின்றுவிடும். உச்சி வெயில் அடித்தாலும் விளக்கு எரியாது. கம்பியில் வேலை செய்யும் ஊழியர் மீது நம் மாடி மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே இன்வெர்ட்டர் தானாக நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. மின்வெட்டிலும் மின்சாரம் வேண்டுமானால் மின்கலத்தோடு கூடிய அமைப்பு வேண்டும். அதற்குச் செலவு அதிகம், மின்கலத்துக்காக மானியம் கூடாது. கிணற்றுப் பம்புசெட்டையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். விவசாய இணைப்பு வேறு, வீட்டு இணைப்பு வேறு. சூரிய சக்திப் பம்புசெட்டுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் திட்டம் தனியே இருக்கிறது.

மாடியும் நிழலும்

1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். நிழல் விஷயத்தில் அலட்சியம் கூடாது. தகடுகள் சங்கிலிபோல் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கின்றன. வாய்க்காலில் ஓரிடத்தில் அடைப்பு விழுந்தால் கடைமடை வரை தண்ணீர் குறைவதுபோல, ஒரு தகட்டின் மேல் நிழல் விழுந்தாலும் முழு வரிசையின் உற்பத்தி குறையக்கூடும்.

காண்டிராக்டர் ஒரு நாள் நண்பகலில் வந்து பார்த்து "நிழலே இல்லை" என்று சொன்னால் போதாது. நீங்களே காலை 9 மணி, நண்பகல், மாலை 3 மணி என மூன்று வேளை மாடியேறிப் பாருங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தென்புறத்து மரத்தின் நிழல் நீண்டு விழும். மதுரைப் பக்கம் அந்த மாதத்தில் நண்பகலில்கூட, மாடி மட்டத்துக்கு மேல் 30 அடி நிற்கும் தென்னையின் நிழல் சுமார் 20 அடி நீளும். இன்று மாடிக்குக் கீழே நிற்கும் தென்னங்கன்று பத்து ஆண்டில் எங்கே நிற்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். தகட்டின் ஆயுள் 25 ஆண்டு.

தகடுகள் தெற்கு நோக்கிச் சிறிது சாய்வாக இருக்க வேண்டும். நம் மாநிலத்துக்கு 10 முதல் 13 பாகை சாய்வு பொருத்தமானது. அடியில் காற்றோட்டம் அவசியம். தகடு சூடேறினால் உற்பத்தி குறையும். சித்திரை வெயிலில் எதிர்பார்த்த அளவு மின்சாரம் வராததற்கு இதுவே காரணம்.

தானியம் உலர்த்த இடம் வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். தாங்கும் சட்டத்தை ஆள் உயரத்துக்குத் தூக்கி அமைத்தால் அடியில் நடமாடலாம். செலவு கூடும், காற்றின் பிடிப்பும் கூடும். அல்லது மாடியின் ஒரு பாதியில் தகடு, மறு பாதியில் களம் என்று பிரித்துக்கொள்ளலாம். தண்ணீர்த் தொட்டியின் நிழலையும் மறக்க வேண்டாம்.

பழைய மரத்தூலம் வைத்த மெட்ராஸ் ஒட்டுத் தளமாக இருந்தால், பொறியாளர் ஒருவர் பார்க்காமல் ஏற்ற வேண்டாம். ஓட்டு வீட்டிலும் தகரக் கூரையிலும் சட்டத்தை ஓட்டின் மேலோ தகரத்தின் மேலோ சும்மா நிறுத்தக் கூடாது. கீழே உள்ள தூலத்தோடும் உத்தரத்தோடும் பிணைக்க வேண்டும்.

காற்றை மறக்காதீர்கள்

தகட்டின் எடை தளத்தை அழுத்துவதைவிட, காற்று அதைத் தூக்குவதுதான் பெரிய ஆபத்து. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் தென்னைகளை வேரோடு சாய்த்ததை நாம் கண்டிருக்கிறோம். மணிக்கு 150 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும் சட்டம் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். சட்டம் சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பாக இருக்க வேண்டும். வெறும் இரும்புக்குச் சாயம் பூசித் தந்தால் மறுத்துவிடுங்கள். போல்ட்டுகள் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும்.

நீர்க்கசிவு பெரும்பாலும் தளத்தில் துளையிடுவதால் வருகிறது. துளையிடுவதைத் தவிர்த்து, தட்டோட்டை அந்த இடத்தில் மட்டும் எடுத்துவிட்டு, கான்கிரீட் கட்டைகளை வார்த்து அதில் போல்ட்டைப் புதைப்பது நல்லது. பிறகு ஓரங்களை நீர்காப்புப் பூச்சால் மூடச் செய்யுங்கள். கட்டைகள் ஈரம் காய்ந்து இறுகும்வரை தகடு ஏற்றக் கூடாது. வேலை முடிந்த பின் தளத்தில் ஒரு நாள் தண்ணீர் தேக்கிப் பார்த்து, கீழே கசிவு உண்டா எனக் கவனியுங்கள்.

மானியம் யாருக்கு, எப்படி?

முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு ரூ. 30,000, மூன்றாவது கிலோவாட்டுக்கு ரூ. 18,000, ஆக, 3 கிலோவாட்டோ அதற்கு மேலோ அமைத்தால் அதிகபட்சம் ரூ. 78,000. இந்தப் பணம் வீட்டு மின் இணைப்புதாரரின் வங்கிக் கணக்குக்கு நேரே வரும். ஆகவே "மானியத்தை நான் வாங்கிக்கொள்கிறேன், மீதியை நீங்கள் தாருங்கள்" என்று பேசுவோரிடம் எச்சரிக்கையாக இருங்கள். மானியம் பெற, தகடுகளும் அவற்றில் உள்ள மின் செல்களும் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும். காண்டிராக்டரும் திட்டத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். தேசிய இணையதளத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது. படித்த பிள்ளைகளிடம் சொல்லி, பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் செய்யுங்கள்.

மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதை இன்றைக்கே பாருங்கள். தாத்தா பெயரிலோ தந்தை பெயரிலோ இருந்தால், முதல் வேலை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் பெயர் மாற்றம். மின் இணைப்பில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒத்திருக்க வேண்டும். 3 கிலோவாட் வரை பிணையில்லாக் கடனும் வங்கிகளில் கிடைக்கிறது. வெளிக் கடன் வாங்கும் முன் வங்கியில் விசாரியுங்கள்.

விலைப்புள்ளியும் ஒப்பந்தமும்

குறைந்தது மூன்று காண்டிராக்டர்களிடம் எழுத்தில் விலைப்புள்ளி வாங்குங்கள். மொத்தத் தொகையை மட்டும் பார்த்து மலிவானதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். தகட்டின் நிறுவனம், வாட் அளவு, எண்ணிக்கை, இன்வெர்ட்டரின் நிறுவனம், சட்டத்தின் கனம், கம்பியின் அளவு, எர்த் குழிகள், இடிதாங்கி, மீட்டர் விண்ணப்பச் செலவு, வரி ஆகியவை தனித்தனியே இருக்க வேண்டும். "எல்லாம் சேர்த்து" என்ற ஒரே வரியில் எதையும் விட்டுவிட முடியும். ஏற்கெனவே இரண்டு மழைக்காலம் கண்ட அவருடைய வேலை ஒன்றை நேரில் போய்ப் பார்த்து, அந்த வீட்டாரிடம் பேசுங்கள். பழுது என்று கூப்பிட்டபோது எத்தனை நாளில் வந்தார் என்று கேட்பதே முக்கியம்.

பணத்தை வேலை நகர நகரக் கொடுப்பதே முறை. உதாரணமாக மொத்தத் தொகை ரூ. 1,95,000 என்று வைத்துக்கொள்வோம்:

ஒப்பந்தத்தில் கையெழுத்தானதும் 20 சதவீதம், ரூ. 39,000.
பொருள்கள் வந்து சரிபார்த்ததும் 50 சதவீதம், ரூ. 97,500.
தகடு ஏறிக் கம்பி இழுத்து முடிந்ததும் 20 சதவீதம், ரூ. 39,000.
இருவழி மீட்டர் பொருத்தி ஓட ஆரம்பித்ததும் 10 சதவீதம், ரூ. 19,500.

கடைசித் தவணை நம் கையில் இருக்கும்வரை மீட்டர் வேலை தாமதப்படாது. பணத்தை வங்கி மூலமே கொடுத்து ஒவ்வொரு முறையும் ரசீது பெறுங்கள்.

பொருள் வந்த அன்று ஒப்பந்தத்தோடு ஒத்துப் பாருங்கள். தகட்டின் பின்புறம் நிறுவனம், வாட், வரிசை எண் அச்சிட்டிருக்கும். எல்லா எண்களையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நாளை உத்தரவாதம் கேட்க அந்த எண்தான் சாட்சி. பொதுவாகத் தகட்டின் மின் உற்பத்திக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். இன்வெர்ட்டருக்கு அதைவிடக் குறைவு. திட்டத்தின்படி ஐந்து ஆண்டுப் பராமரிப்பு காண்டிராக்டரின் பொறுப்பு.

கம்பி, எர்த், மீட்டர்

தகட்டுச் சட்டத்துக்கும், இடிதாங்கிக்கும், வீட்டுப் பக்க மின்சாரத்துக்கும் தனித்தனி எர்த் வேண்டும். ஒரே குழியில் மூன்றையும் முடித்துவிட்டுப் போக விடாதீர்கள். கம்பிகள் எலி கடிக்காதபடி குழாய்க்குள் போகட்டும். வெயில் இருக்கும்வரை தகட்டிலிருந்து வரும் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தாலும் அது நிற்காது. ஆறு தகடுகளைக் கோத்த வரிசையில் 250 வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடும். குழந்தைகளை நெருங்க விடாதீர்கள். விரிசல் விட்ட தகட்டை ஈரக் கையால் தொட வேண்டாம்.

இருவழி மீட்டர் பொருத்துமுன் இணைப்பைப் போட அனுமதிக்காதீர்கள். அனுமதியின்றிச் செய்வது விதிமீறல். அதோடு, பழைய மீட்டர்கள் சில, நம் வீட்டிலிருந்து வெளியே போகும் மின்சாரத்தையும் நாம் செலவழித்ததாகவே எண்ணிவிடும். மேலே சொன்ன விவசாயிக்கு நேர்ந்தது இதுவே. 10 கிலோவாட் வரையிலான வீட்டு அமைப்புகளுக்குத் தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை என்று 2024இல் விதி திருத்தப்பட்டிருப்பதால், அந்தக் காரணம் சொல்லி நாள் கடத்த இடமில்லை.

பின்னர் செய்ய வேண்டியது

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தகட்டைத் துடையுங்கள். கதிரடிக்கும் காலத்தில் தூசி அதிகம், அடிக்கடி துடைக்க வேண்டும். அதிகாலையில் அல்லது மாலையில் மெல்லிய துணியும் தண்ணீரும் போதும். உச்சி வெயிலில் சுடும் கண்ணாடியில் குளிர்ந்த நீரைக் கொட்டாதீர்கள். உவர்ப்பான ஆழ்குழாய் நீர் வெள்ளைப் படிவத்தை விட்டுச் செல்லும், மழைநீரோ நல்ல நீரோ சிறந்தது. தகட்டின் மேல் ஏறி நிற்கக் கூடாது.

மாதம் முதல் தேதி இன்வெர்ட்டர் காட்டும் யூனிட்டை நோட்டில் குறித்து வாருங்கள். பால் கணக்கு எழுதுவது போலத்தான். வெயில் நன்றாக அடித்தும் ஒரு மாதம் திடீரெனக் குறைந்தால், காண்டிராக்டரைக் கூப்பிட்டுக் கேட்க உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

விதை வாங்கும்போது சான்று அட்டையைப் பார்க்கிறோம். மாடு வாங்கும்போது பல்லைப் பார்க்கிறோம். 25 ஆண்டு நம் தலைக்கு மேல் நிற்கப்போகும் தகட்டையும் அதே கவனத்தோடு பார்த்து வாங்குவோம்.