தனித்து நிற்கும் மரம் காய்க்காது

பனையில் ஆணும் பெண்ணும் வெவ்வேறு மரங்கள் என்பது நாம் சிறுவயதிலேயே அறிந்தது. ஆண்பனையும் பாளை விடும். நுங்கு தருவதோ பெண்பனையே. சைக்கஸ் என்னும் மிகப் பழைய தாவர வகையும் இவ்வாறானதே. பார்வைக்குச் சிறுபனை போலிருந்தாலும் அது பனைக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அதற்குப் பூ இல்லை, கூம்பே உண்டு. ஆண் கூம்பின் மகரந்தம் பெண் கூம்பைச் சேர்ந்தாற்றான் முளைக்கும் விதை கிடைக்கும். இந்த வேலையைப் பெரும்பாலும் வண்டுகளே செய்கின்றன.

தென்னாபிரிக்காவின் இரு சைக்கஸ் இனங்களைப் பற்றி இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

1. பிந்திவிட்ட காவல்

1895 இல் ஒங்கோயே என்ற காட்டில் ஜோன் மெட்லி வூட் என்ற தாவரவியலாளர் புதிய சைக்கஸ் ஒன்றைக் கண்டார். இருந்தது ஒரே தூர், நான்கு அடிமரங்கள். எல்லாம் ஆண். 1916 இல் கடைசி அடிமரமும் பாதுகாப்புக்காகக் காட்டிலிருந்து அகற்றப்பட்டது. இன்று உலகின் பூங்காக்களில் நிற்பவை யாவும் அந்தத் தூரின் பக்கக் கன்றுகளிலிருந்து வந்தவையே. ஆணின் பக்கக் கன்றும் ஆணே. பெண் மரம் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆகவே எத்தனை கன்று பெருக்கினாலும் அவ்வினத்தின் விதை பிறக்க வழியில்லை.

2. இன்னும் காலமுண்டு

கிழக்குக் கேப் மாகாணத்து அல்பனி சைக்கஸில் இரு பாலும் எஞ்சியுள்ளன. ஆயினும் காட்டில் நிற்பவை 100 இற்கும் குறைவு. காரணங்கள் மூன்று:

(அ) அது வளர்ந்த நிலம் துப்புரவாக்கப்பட்டது.

(ஆ) அழகுக்கு வளர்ப்போரிடம் விற்பதற்காக மரங்கள் களவாகப் பிடுங்கப்பட்டன.

(இ) எஞ்சியவை ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் நிற்பதால் மகரந்தம் போய்ச் சேர்வதில்லை. மரம் உயிரோடு நிற்கிறது, சந்ததி இல்லை.

இதனால் தாவரவியலாளர் மகரந்தத்தைச் சேகரித்துக் கையாலேயே பெண் கூம்பில் இட்டு, விதை பெற்றுக் கன்று வளர்க்கின்றனர். ஆனால் 2014 இல் கேப்டவுன் நகரின் கேர்ஸ்ரன்பொஸ் பூங்காவிலிருந்தே இருபதுக்கும் மேற்பட்ட கன்றுகள் களவாடப்பட்டன. வேலியிட்ட ஓரிடத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதை இது காட்டியது.

நாம் கற்பது

எத்தனை மரம் மிஞ்சியது என்று எண்ணினால் மட்டும் போதாது. அவை விதை தருகின்றனவா என்றும் பார்க்கவேண்டும். விதை பல கைகளில், பல இடங்களில் இருக்கவேண்டும். ஊரைவிட்டு வரும்போது விதைநெல்லை முடிந்து கொண்டுவந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

கூடிப் பேசுவோம்

1. எமது ஊரில் முன்பு பரவலாக இருந்து, இன்று ஒரே வளவில் மட்டும் நிற்கும் மரம் எது?

2. அதன் விதையை இவ்வருடம் எந்த மூன்று குடும்பங்களிடம் கொடுக்கலாம்?